மூன்றாவது படுக்கை

பகலில் வந்து உண்டு செல்லும் விருந்தினர் வேறு. இரவு தங்கிச் செல்லும் விருந்தினர் வேறு. முன்னவர் நம் வீட்டின் கூடத்தை மட்டுமே காண்கிறார். பின்னவரோ, நம் வீட்டில் விளக்கு அணையும் நேரத்தையும், விடியலில் நாம் எழும் நேரத்தையும், குழாயில் நீர் வருமா வராதா என்பதையும், வீட்டார் தமக்குள் பேசிக்கொள்ளும் தொனியையும் அறிந்து செல்கிறார். ஒரு வேளை உணவளிக்கக் கையில் பொருளிருந்தால் போதும். ஓர் இரவு இடமளிக்கவோ, நம் அன்றாட வாழ்வையே சற்று ஒதுக்கி வழிவிட வேண்டும். ஆதலின் விருந்தோம்பலின் உரைகல் இரவுத் தங்கலே எனலாம்.

முன்னாளைய வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் எவரும் கேளாமலே ஏறி அமரலாம். துண்டை விரித்துப் படுக்கலாம். விடிந்ததும் எழுந்து போகலாம். இன்றோ திண்ணை கம்பிக் கதவுக்குள் ஒடுங்கிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதுவும் இல்லை. ஆயினும் இரவுத் தங்கலின் தேவை குறைந்துவிடவில்லை. நோயாளியோடு பெருநகர மருத்துவமனைக்கு வரும் உறவினர், நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர், மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர் ஆகிய அனைவரும் ‘எங்கே தங்குவது?’ என்னும் வினாவோடுதான் பேருந்திலிருந்து இறங்குகின்றனர். ‘அவர்களுக்கு ஏன் வீண் தொல்லை?’ என்று வருபவர் தயங்குகிறார். ‘நம் வீட்டில் வசதி போதாதே’ என்று வீட்டுக்குரியவர் கூசுகிறார். இவ்விரு நாணங்களுக்கும் இடையே உறவு மெல்லத் தேய்கிறது. வந்தவர் விடுதியின் கதவைத் தட்டுகிறார். அதற்கும் வகையற்றவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரிக்கிறார்.

குறை வீட்டின் அளவிலா, நம் ஆயத்தத்திலா? இவ்வினாவை முன்வைத்து, இரவு தங்கும் விருந்தினருக்கு வீட்டில் இடம் அமைக்கும் முறையை நம் மார்க்கமும் தமிழ் மரபும் எங்ஙனம் காட்டுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

நான்கு படுக்கைகள்

ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி இடம்பெற்றுள்ளது. ஒரு வீட்டில் தலைவனுக்கு ஒரு படுக்கை, தலைவிக்கு ஒரு படுக்கை, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவதோ ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. மக்கட்செல்வம் மிகுந்த இல்லத்தில் படுக்கைகள் கூடக் கூடாதென்பது இதன் பொருளன்று. தேவைக்கு மேற்பட்டுப் பெருமைக்கும் பகட்டுக்கும் சேர்த்து வைப்பதையே நான்காவது படுக்கை குறிக்கிறது என்பர் மார்க்க அறிஞர்.

இச்சிறு கூற்றில் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, விருந்தினரின் படுக்கை வீட்டின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. கணவன், மனைவி, அடுத்து விருந்தினர் என்பதே வரிசை. வாயிலில் அழைப்பு மணி ஒலித்த பின்னர் பரண்மீது ஏறித் தேடும் பொருளன்று அது. எவரும் வாராத நாளிலும் வீட்டில் இருக்க வேண்டிய பொருள். இரண்டாவது, அப்படுக்கை பகட்டுக்குரியதன்று. விலையுயர்ந்த விரிப்பும் பன்னிறத் தலையணையும் இல்லாமையால் விருந்தினரை அழைக்கத் தயங்குபவர், மூன்றாவது படுக்கைக்கும் நான்காவது படுக்கைக்கும் வேறுபாடு அறியாதவரே ஆவார்.

தமிழ் மரபில் இரவுத் தங்கல்

‘விருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். வீட்டுக்குப் புதிதாய் வருபவர் விருந்தினர். அவர்க்குப் படைக்கும் உணவு விருந்தென்று வழங்கியது பின்வந்த வளர்ச்சி. ஆகவே சொல்லின் கருவில் இருப்பது உணவன்று, மனிதரே.

திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் 9ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னே நிற்பது அன்புடைமை. பின்னே நிற்பது இனியவை கூறல். உள்ளத்து அன்புக்கும் நாவின் இனிமைக்கும் நடுவே விருந்தோம்பல் நிற்கும் வைப்புமுறை எண்ணி மகிழத்தக்கது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரையும், முகம் மாறிய நோக்கினாலேயே வாடிவிடும் விருந்தினரையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். இரவு தங்க வந்தவரிடத்தில் இவ்வாட்டம் இன்னும் மிகும். பகல் விருந்தினர் முகம் வாடினால் எழுந்து போய்விடலாம். இரவு விருந்தினர் வாடிய முகத்தோடு விடியும்வரை காத்திருக்க வேண்டுமன்றோ?

இரவுத் தங்கலுக்கு இடமமைத்துக் கொடுத்த காட்சிகளுள் தலையாயது சிலப்பதிகாரத்து மாதரியின் செயல். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி செல்வச் சீமாட்டியல்லள். மோரும் நெய்யும் விற்றுப் பிழைக்கும் குடியினள். ஆயினும் வந்தவர்களை அவள் தன் வீட்டு மூலையில் ஒண்டவிடவில்லை. செம்மண் பூசிய பந்தலும் காவலும் உடைய சிறு மனையொன்றை அவர்களுக்கென ஒதுக்குகிறாள். கண்ணகியைப் புதுநீர் ஆட்டுகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். வந்தவர் சமண நோன்பினர் என்பதால், அவர்கள் தம் முறைப்படி தாமே சமைத்து உண்ணும் வண்ணம் சமையற்கலங்களும், காய்களும், அரிசியும், பாற்பயனும் கொடுக்கப்படுகின்றன.

தனியிடம், நீர், துணை, வந்தவரின் நெறிக்கேற்ற உணவு ஆகிய நான்கையும் ஓர் ஏழை ஆய்ச்சி அமைத்துத் தந்தாள். விருந்தினரைத் தன் வழக்கத்துக்கு வளைக்காமல், தன் வீட்டை விருந்தினரின் வழக்கத்துக்கு வளைத்தாள் என்பதே இதன் சிறப்பு. நம் இல்லத்தில் பிற சமயத்து நண்பர் தங்க நேரும்போது இக்காட்சியை நினைவிற் கொள்வது நலம். புலால் உண்ணாதவருக்குத் தனிக் கலத்தில் சமைத்து அளிப்பதும், அதனை அவர் கேட்காமலே செய்வதும் நம் கடமையாகும்.

மதீனத்து மாடிவீடு

கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா நகர் புகுந்தார்கள். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்துக்கு ஹிஜ்ரத்துக் காண்டம் எனப் பெயரிட்டது இப்பயணத்தைக் கொண்டேயாம். மதீனாவில் பள்ளிவாசலும் அதனையொட்டிய அறைகளும் எழும்பும்வரை பெருமானார் அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் விருந்தினராகத் தங்கினார்கள். அது மேல்தளம் உடைய வீடு. மேல்தளத்தில் தங்குமாறு வீட்டுக்குரியவர் வேண்டினார். நபியவர்களோ, தம்மைக் காண வருவோர்க்கும் தமக்கும் கீழ்த்தளமே எளிது என்று கூறிவிட்டார்கள்.

அண்ணலாரின் தலைக்கு மேலே நடப்பதா என்று அபூ அய்யூபும் அவர்தம் துணைவியாரும் உள்ளம் பதைத்தனர். ஒரு நாள் மேல்தளத்தில் நீர்ச்சாடி உடைந்துவிட்டது. நீர் ஒழுகிக் கீழே சொட்டிவிடுமோ என்று அஞ்சி, தங்களிடமிருந்த ஒரே போர்வையை எடுத்து இருவருமாக அந்நீரை ஒற்றி எடுத்தனர். அன்றிரவு போர்த்திக்கொள்ள வேறு போர்வை அவர்களிடம் இல்லை. பின்னர், அபூ அய்யூபின் வேண்டுகோளை ஏற்று நபியவர்கள் மேல்தளத்துக்கு மாறினார்கள் என்பதும் வரலாறு.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் அன்பின் எடுத்துக்காட்டாகக் கூறுவோம். இடமமைக்கும் கலைக்கும் இஃது எடுத்துக்காட்டாகும். வீட்டுக்குரியவர் சிறந்ததெனக் கருதிய இடம் வேறு. விருந்தினர்க்கு எளிதான இடம் வேறு. நாம் மாடியறையை அலங்கரித்து வைத்திருப்போம்; வந்திருக்கும் முதியவர்க்கோ மூட்டுவலி. படியேறச் சொல்வது நம் பெருமைக்கு அழகு. அவர் காலுக்குத் துன்பம். ‘எங்கே தங்க விரும்புகிறீர்கள்?’ என்று வந்தவரின் வசதியை முதலில் அறிந்து, அதன் பின்னரே நம் மரியாதையை அதற்குள் பொருத்த வேண்டும். அபூ அய்யூப் (ரலி) முதலில் செய்தது இதுவே. மாடியை அளிக்க விரும்பியும், விருந்தினரின் விருப்பத்துக்கு இணங்கினார்.

கேட்க வைக்காமை

இப்ராஹீம் (அலை) அவர்களிடம் மனித உருவில் வானவர் விருந்தினராக வந்த செய்தியைத் திருமறை ஹூது, அத்தாரியாத் ஆகிய அத்தியாயங்களில் கூறுகிறது. முகமன் கூறி வரவேற்ற நபியவர்கள், அவர்களிடம் ‘உணவு வேண்டுமா?’ என்று வினவவில்லை. ஓசைப்படாமல் தம் இல்லத்தாரிடம் சென்றார்கள். கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொண்டு வந்து, விருந்தினரின் அருகிலேயே வைத்தார்கள். ஓசைப்படாமல் சென்றதிலும் அருகில் வைத்ததிலும் உள்ள நயத்தை விரிவுரையாளர்கள் எடுத்துக் காட்டுகின்றனர். விருந்தினர் அறியும்படி ஏற்பாடு செய்தால், ‘வேண்டாம், வேண்டாம்’ என்று அவர் மறுக்க நேரும். எட்டத்தில் வைத்தால் எழுந்து வந்து எடுக்க நேரும். இரண்டும் கூச்சத்துக்கு இடமளிப்பன.

இரவு தங்குபவரின் கூச்சம் இருளில் பெருகும். நள்ளிரவில் நாவறண்டு விழிக்கிறார். குடிநீர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. விளக்கின் பொத்தான் எந்தச் சுவரில் என்று புரியவில்லை. கழிப்பறைக்கு எந்தக் கதவு வழியாகப் போவது? தவறான கதவைத் திறந்துவிட்டால் என்னாவது? இவ்வளவையும் எண்ணி, விடியட்டும் என்று புரண்டு படுக்கிறார். மறுநாட்காலை, ‘நன்றாக உறங்கினீர்களா?’ என்று நாம் கேட்க, ‘நன்றாக உறங்கினேன்’ என்கிறார். அவர் கேட்க நேராதபடி எதையெல்லாம் முன்கூட்டியே வைக்கிறோமோ, அதுவே இரவு விருந்தோம்பலின் அளவுகோல் ஆகும்.

இடமும் பொருளும்

தனியறை இல்லாத வீட்டில் மூன்றாவது படுக்கையை எங்கே வைப்பது? சுருட்டினால் சுவரோரம் ஒரு சாண் இடத்தில் நிற்கும் பாயே இதற்கு விடை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் முடைந்து வருகின்றனர். கோரையைக் கீறி, காயவைத்து, ஓடும் நீரில் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்தி, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ கோத்து நெய்கின்றனர். மென்மையால் பட்டுப்பாய் எனப் பெயர் பெற்ற இப்பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. 1953இல் முடிசூடிய இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு அன்பளிப்பாகச் சென்றது இவ்வூர்ப் பாய்தான். அரசிக்குத் தகுந்த பாய் நம் வீட்டு விருந்தினர்க்குத் தகாதா? பட்டுப்பாய் இயலாவிடினும் சாதாரணக் கோரைப்பாய் ஒன்று, தலையணை ஒன்று, துவைத்த உறையும் போர்வையும் ஒவ்வொன்று ஆகியவற்றை ஒரு துணிப்பையில் கட்டி ‘இது விருந்தினர்க்கு’ என்று ஒதுக்கி வைத்துவிட்டால் மூன்றாவது படுக்கை அமைந்துவிட்டது. மாதமொரு முறை வெயிலில் உலர்த்த வேண்டும். பாச்சையுருண்டை நெடியோடு ஒருவரை உறங்க வைப்பது முறையன்று.

படுக்குமுன் படுக்கையைத் தட்டி உதறிவிடுமாறு புகாரியில் இடம்பெற்ற நபிமொழி அறிவுறுத்துகிறது. நாம் பிறர்க்கு விரிக்கும்போதும் அவ்வாறு உதறி விரித்தல் வேண்டும். கால் நீட்டும் திசை, மின்விசிறியின் காற்று, கொசுவலை கட்டும் ஆணி ஆகியவற்றைப் பகலிலேயே நாம் ஒருமுறை அவ்விடத்தில் படுத்துப் பார்த்தால் அறியலாம். விருந்தினர்க்கு விரித்த இடத்தில் தாம் படுத்துப் பாராதவர், அவ்விடத்தை அறியாதவரே.

கோடைக் காலத்தில் மொட்டைமாடியில் படுக்க வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தடுப்புச்சுவர் இல்லாத மேல்தளத்தில் உறங்குவதை நபிமொழி கண்டித்துள்ளது. அபூதாவூத் தொகுப்பில் இதனைக் காணலாம். ஊர் புதிது, மாடி புதிது, இருள் வேறு. வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த விளிம்பு விருந்தினர்க்குத் தெரியாது. கைப்பிடிச் சுவரற்ற மாடியில் எவரையும் படுக்க வைத்தல் ஆகாது.

நீரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். படுக்கையருகே மூடியிட்ட கலத்தில் குடிநீரும் ஒரு குவளையும் வைக்க வேண்டும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும் விளக்குகளை அணைக்குமாறும் நபியவர்கள் பணித்ததைப் புகாரி பதிவு செய்துள்ளது. அன்று எரிந்தது எண்ணெய்த் திரி. அதனால் தீப்பிடிக்கும் அச்சம் இருந்தது. இன்று அவ்வச்சமற்ற சிறு மின்விளக்கொன்றைக் கழிப்பறை செல்லும் வழியில் எரியவிடலாம். மின்தடை நேரும் ஊராயின், கைவிளக்கொன்று தலைமாட்டில் இருத்தல் நலம். ஒளூச் செய்யும் இடத்தையும், கிப்லாவின் திசையையும் இரவிலேயே காட்டிவிட்டு, முசல்லாவை மடித்து அருகில் வைத்துவிட்டால், சுபுஹுக்கு எழுபவர் வீட்டாரை எழுப்ப வேண்டியிராது.

எஞ்சியவை சிறியன, ஆயினும் மறக்கத்தக்கன அல்ல. துவைத்த துண்டு, புதிய சோப்பு, சட்டை மாட்ட ஓர் ஆணி, பையை வைக்க ஒரு முக்காலி, கைப்பேசிக்கு மின்னேற்ற ஓர் இணைப்பு இவையே போதும். முதியவராயின் தரையில் விரித்த பாய் ஆகாது. கட்டிலை அவர்க்கு விட்டு நாம் தரைக்கு இறங்க வேண்டும். கழிப்பறையில் அவர் வழுக்காதபடி தரையைத் துடைத்து, அருகில் ஒரு நாற்காலியையும் இட வேண்டும்.

மறைவின் உரிமை

திருமறையின் அந்நூர் அத்தியாயம், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்று விதிக்கிறது. அதே அத்தியாயத்தில், வீட்டிலுள்ள சிறுவரும் பணியாளரும்கூட வைகறைத் தொழுகைக்கு முன்னரும், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போதும், இஷாத் தொழுகைக்குப் பின்னரும் அனுமதியின்றி உள்ளே வரலாகாது எனக் கூறப்பட்டுள்ளது. சொந்த வீட்டாரிடையே இத்துணை வரையறை இருக்குமாயின், நம் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தினர்க்கு எத்துணை வேண்டும்!

காயல்பட்டினத்தில் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு சென்று வர முடுக்கு எனப்படும் சிறு சந்துகள் அமைந்துள்ளன. மறைவைக் கட்டடத்திலேயே வகுத்து வைத்த முன்னோரின் அறிவு அது. நம் இரண்டறை வீட்டில் முடுக்கு இல்லை. ஆயின் ஒரு கயிறும் ஒரு திரைச்சீலையும் இருக்கலாம். உட்புறம் தாழிடும் வசதியுள்ள குளியலறை வேண்டும். பெண் விருந்தினர்க்கு உள்ளறையும் ஆண் விருந்தினர்க்கு வெளிக்கூடமும் ஒதுக்குவது நம் வழக்கம். ‘அந்தத் திரைக்குள் கேட்காமல் போகக்கூடாது’ என்று வீட்டுக் குழந்தைகளுக்கு முன்னதாகவே சொல்லி வைப்பதும் ஆயத்தத்தில் அடங்கும்.

யார் விரிப்பது? யார் சுருட்டுவது?

இவ்வளவையும் கூறிய நாம் ஓர் உண்மையைக் கூறாது விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. நம் சமுதாயத்தில் விருந்தோம்பலின் புகழ் பெரிதும் ஆடவர்க்குச் சேர்கிறது. உழைப்போ பெண்டிர்க்குச் சேர்கிறது. ‘நான்கு பேர் வருகிறார்கள்’ என்று தொலைபேசியில் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தலைவர் கடைவீதியில் நிற்கிறார். நாளெல்லாம் உழைத்த தலைவி மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கிறார். உறை மாற்றுவதும், தரை துடைப்பதும், எல்லோரும் உறங்கிய பின் கலங்களைக் கழுவிக் கவிழ்ப்பதும், விருந்தினர் சென்ற பின் துணி துவைப்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. விருந்தினர் வருகை என்றாலே ஒரு பெண் பெருமூச்சு விடுகிறார் என்றால், அது அவருடைய அன்பின் குறையன்று. நம் பங்கீட்டின் குறை.

வீட்டில் இருக்கும்போது நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவியதற்கு, தம் குடும்பத்தார்க்குப் பணிசெய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்தியே. ஆகவே பாயை விரிப்பதும் சுருட்டுவதும், நீர் நிரப்புவதும், குளியலறையைத் தூய்மை செய்வதும் ஆடவரும் பிள்ளைகளும் ஏற்க வேண்டிய பணிகள். கட்டுரையைப் படிக்கும் மாணவர் இன்றே தொடங்கலாம். மூன்றாவது படுக்கையை விரிக்கும் பொறுப்பை வீட்டில் தம் பெயரில் எழுதிக்கொள்ளலாம். இல்லத்தாரைக் கலந்து பேசாது விருந்தினரை அழைத்து வருவதும் முறையன்று.

‘இடமில்லை’ என்னும் சொல்

இனி, மெய்யாகவே இடமற்றவர் என் செய்வது? ஓரறை வீட்டில் ஐந்து பேர் உறங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள. அவர்களுக்கு வழிகாட்டுவது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு நிகழ்ச்சி. பசியால் வாடிய ஒருவர் நபியவர்களிடம் வந்தார். நபியவர்கள் தம் துணைவியரின் இல்லங்களுக்கு ஆளனுப்பிக் கேட்டார்கள். எல்லா இல்லங்களிலிருந்தும் நீரைத் தவிர வேறொன்றுமில்லை என்ற விடையே வந்தது. உடனே தோழர்களை நோக்கி, ‘இவரை இன்றிரவு விருந்தினராக ஏற்பவர் யார்?’ என்னும் கருத்துப்பட வினவினார்கள். அன்சாரித் தோழர் ஒருவர் ஏற்று அழைத்துச் சென்றார். அவர் வீட்டிலோ குழந்தைகளுக்கான உணவு மட்டுமே இருந்தது. குழந்தைகளை உறங்க வைத்து, விளக்கைச் சரிசெய்வதுபோல எழுந்து அணைத்துவிட்டார் அவ்வில்லத் தலைவி. இருளில் தாங்களும் உண்பதுபோல் காட்டிக்கொண்டு, இருந்ததை விருந்தினர்க்கு அளித்துவிட்டு, இருவரும் பசியோடு உறங்கினர். இத்தகையோரின் ஈகையை அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் போற்றுகிறது.

அன்சாரி இணையரின் தியாகத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு முந்திய பகுதியை எண்ணிப் பார்த்தோமா? ‘இல்லை’ என்ற விடை வந்தது, அகிலத்தின் அருட்கொடையான அண்ணலாரின் இல்லங்களிலிருந்தேயாகும். அதனைச் சொல்ல அவர்கள் நாணவில்லை. சொல்லிவிட்டு வந்தவரைக் கைவிடவும் இல்லை. அவரை வேறோர் இல்லத்தில் சேர்த்தார்கள். இல்லை என்பது இழிவன்று. இல்லை என்று சொல்லிக் கதவை அடைப்பதே இழிவு.

நம் ஊர்களில் திருமண வீட்டார்க்கு அண்டை வீட்டார் கூடத்தையும் பாயையும் தந்து உறவினரைத் தங்கவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அதனையே நாம் அன்றாடத்துக்கும் விரிவாக்கலாம். ஒரு வீட்டில் உணவு, அடுத்த வீட்டில் படுக்கை என்று பகிர்ந்துகொள்ளும் தெருவில் எவரும் ஏழையல்லர். 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பள்ளிவாசல்கள் பல சமய வேறுபாடின்றி மக்கள் இரவு தங்கத் திறந்துவிடப்பட்டன. தொழுகை விரிப்புகளே அன்று பலர்க்குப் படுக்கைகளாயின. பேரிடரில் தானே விரியும் நெஞ்சம், சாதாரண நாளிலும் ஒரு பாய் அளவேனும் விரியலாகாதா?

விருந்தினர்க்கும் வரம்பு உண்டு

விருந்தோம்பல் ஒருபக்கக் கடமையன்று. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு. மூன்று நாள்வரை விருந்து. அதற்குமேல் அளிப்பது தருமம் என்பது நபிமொழி. வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்கியிருப்பது விருந்தினர்க்கு ஆகுமானதன்று என்றும் அதிலேயே சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளது. வருகையை முன்னதாக அறிவித்தல், வீட்டாரின் உறங்கும் நேரத்தை மதித்தல், விடிந்ததும் தம் பாயைத் தாமே சுருட்டி வைத்தல், கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசாதிருத்தல் ஆகியன விருந்தினரின் அறங்கள். இரவு தங்கியவர் ஒரு வீட்டின் மறைபொருளைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவராவார்.

மூன்று நாள் என்னும் வரம்பு இரு சாரார்க்கும் அருளாக அமைந்தது. ‘எப்போது போவார்?’ என்று வீட்டாரும், ‘எப்போது போகச் சொல்வார்களோ?’ என்று விருந்தினரும் மனத்துக்குள் கணக்கிட வேண்டிய நிலை இதனால் நீங்குகிறது. மருத்துவத்துக்காக நெடுநாள் தங்க நேர்பவரிடத்தில் இவ்வரம்பைக் கடுமையாகப் பேசுவது மனிதத்தன்மையன்று. அங்கே நாம் அளிப்பது தருமமாக எழுதப்படும் என்னும் நற்செய்தியும் அதே நபிமொழியில் அடங்கியுள்ளதன்றோ?

ஆக, இரவு விருந்தினர்க்கு இடம் அமைத்தல் என்பது பெரிய வீட்டின் செயலன்று. முன்னதாக எண்ணிப் பார்க்கும் நெஞ்சத்தின் செயல். ஒரு பாய், ஒரு தலையணை, மூடிய கலத்தில் நீர், வழிகாட்டும் சிறு விளக்கு, ஒரு திரை, மாறாத முகம் ஆகிய ஆறும் இருந்தால் எவ்வீடும் விருந்தில்லமே. இன்றிரவு நம் வீட்டுக்கு எவரும் வாராதிருக்கலாம். ஆயினும் சுவரோரத்தில் அந்தப் பாய் சுருண்டு நிற்கட்டும். அதனைக் காணும் நம் பிள்ளைகள், இவ்வீட்டில் நமக்கு மட்டுமன்றி இன்னும் வாராத ஒருவருக்கும் இடமுண்டு என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்வர். அத்தகைய இல்லங்களை நம் ஊர்கள்தோறும் பெருகச் செய்ய வல்ல இறைவன் அருள்புரிவானாக!